கூட்டு மட்டை

மகளின் கிளினிக் கொப்பியைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது எலிக்கூட்டில் குறிப்பெழுதி மாட்டும் மட்டை ஒன்று கீழே விழுந்தது. மருந்து, நாள், குட்டிகள் என்று அதில் மூன்று வரிகள்.

பத்து வருடத்துக்கு முன் நான் ஓர் ஆய்வுகூடத்தில் எலிக்கூடு கழுவினேன். எங்கள் ஊரான வவுணதீவில் அப்படிச் சொல்வேனா? "மருந்து ஆராய்ச்சி" என்றே சொல்லித் திரிந்தேன். ஊரார் தங்கள் மூட்டுநோவை என்னிடம் சொல்ல, நானும் நெற்றியைச் சுருக்கிக் கேட்பேன். ஆய்வுகூடத்தை நடத்திய எங்கள் மேடம் சினை எலிகளுக்கு நோவும் வீக்கமும் குறைக்கும் குளிசையைக் கொடுத்து, குட்டிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மட்டையை மாட்டுவது நான், வாசிப்பது அவர்.

அப்போது மனைவிக்கு ஏழு மாதம். இடுப்பு நோவில் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். என் முதுகு நோவுக்கு டொக்டர் எழுதித் தந்த குளிசையில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று கொடுத்தேன். நோவு அடங்கியது. மறுநாள் அந்தச் சாதனையை மேடத்திடம் சொல்லி, குளிசை உறையையும் நீட்டினேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். "இந்த எலியளுக்கு நாங்க என்ன குடுக்கிறம் எண்டு நினைக்கிறீங்க?"

"குளிசை, மேடம்."

"இதே குளிசைதான். நாங்க எலியில பார்க்கிறத நீங்க வீட்டில தொடங்கிட்டீங்க."

பிறகு சிரிக்காமல் விளக்கினார்: பிந்திய மாதங்களில் இதனால் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய குழாய் சுருங்கலாம், நீர்க்குடத்து நீர் குறையலாம். "எலி மனிசரில்ல. அதுக்கு நடந்தது உங்கட பிள்ளைக்கும் நடக்கும் எண்டு சொல்லமாட்டன். நடக்காது எண்டும் சொல்லேலாது. இனிக் குடுக்காதீங்க. இண்டைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க." டொக்டரிடம் காட்டச் சொல்லி, வெற்று மட்டை ஒன்றில் மருந்தையும் நாளையும் எழுதித் தந்தார்.

மட்டையைப் பார்த்த மனைவி, "மறுகா என்ன, என்னையும் கூட்டுக்குள்ள போடப்போறீங்களா?" என்று சிரித்தாள். ஆட்டோ வாவிப் பாலத்தில் ஏறியபோது அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றில் இருந்தன.

ஸ்கானில் நீர் போதும், இதயமும் சரி என்றார்கள். என் மனம்தான் கேட்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை அந்த இரண்டு மாதமும் கூடு கழுவுவதை மறந்து, புதுக் குட்டிகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்து நின்றேன். "அதுகள் மூச்சு விடுகுதுகள்," என்றார் மேடம் ஒருநாள். "நீங்களும் கொஞ்சம் விடுங்க."

அலுமாரியிலிருந்து விழுந்த அந்த மட்டையை எடுத்துப் பார்த்தேன். "குட்டிகள்" என்ற இடத்தில் மனைவியின் கையெழுத்து: "ஒன்று. கத்துது."

அது இப்போது முற்றத்தில் சைக்கிளை எறிந்துவிட்டு, மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தது. "என்னப்பா அப்பிடிப் பார்க்கிறீங்க?"

"ஒண்டுமில்ல," என்றேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவது அடங்கும்வரை மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.