தேநீரில் மிதந்த மல்லிகை

பினாங்குப் படகுத்துறையில் பட்டர்வொர்த் ஃபெரிக்குக் காத்திருக்கிறேன். பலகை போட்டுத் தேநீர்க் கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண் ஒரு கிளாஸை நீட்டுகிறாள். ஜப்பான்காரன் வந்த பிறகு பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. வெளிறிய பச்சை நீரில் மல்லிகை மணக்கிறது. தேநீருக்கு எதற்குப் பூ வாசம் என்று எரிச்சல் வருகிறது.

"சைகோன் தேயிலைண்ணே, அரிசிக் கப்பல்ல வந்தது. பூவோட சேர்த்துத்தான் காய வைப்பாங்களாம்."

மேலே ஒரு காய்ந்த மொட்டு மிதக்கிறது. அதை விரலால் எடுத்து வீசப் போகிறேன்.

"போடாதீங்கண்ணே! வாய் வச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

அவள் அதை வாங்கி, ஈரத்தைச் சேலையில் ஒற்றி, கொண்டையில் செருகிக்கொள்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொல்கிறாள்.

"வீட்டுக்காரரை சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டு போனாங்க. ஒரு வருசமா சேதி இல்ல. பாசார்ல பூவும் வர்றதில்ல, தோட்டம் பூரா மரவள்ளிதான்லா. வெறுந்தலையோட நின்னா, அவரு போயிட்டாருன்னு அக்கம்பக்கத்துக்காரங்களே முடிவு கட்டிடுவாங்க."

நான் குடிக்கிறேன். நம் தேயிலைத் தூளைப் போலவே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டிருக்கிறாள். முதல் வாய் கசக்கிறது. விழுங்கிய பிறகு, தொண்டையிலிருந்து பூ வாசம் மெல்ல மேலே வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஃபெரி சங்கு ஊதுகிறது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று இன்னொரு கிளாஸ் கேட்கிறேன். வந்ததும் வாய் வைக்காமல், மொட்டு ஏதும் மிதக்கிறதா என்று பார்க்கிறேன்.