மிஸ்ஸுக்கு அனுப்பிய கடைசி டிசைன்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன கல்லூரியில் எனக்கு கிராஃபிக் டிசைன் சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா மிஸ். வேலைக்குப் போன பிறகும், எதைச் செய்தாலும் முதலில் அவருக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். "நல்லாருக்கு லா, ஆனா எழுத்து ரொம்ப நெருக்கமா இருக்கு. சாப்பிட்டியா?" என்று பதில் வரும்.

போன வருஷம் மாரடைப்பில் மிஸ் திடீரென்று போய்விட்டார். கிள்ளானில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன். "மரண அறிவிப்பை நீயே செஞ்சு குடும்மா. வேற யாரு செஞ்சாலும் அவளுக்குப் பிடிக்காது" என்றார் நான் அங்கிள் என்று கூப்பிடும் அவருடைய கணவர்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். மிஸ் சிரிக்கும் படத்தை வைத்து, கீழே பெயரைப் போட்டு, அழுதுகொண்டே முடித்தேன். முடித்த கையோடு, பழக்கதோஷத்தில் அவர் நம்பருக்கே அனுப்பிவிட்டேன்.

அங்கிளின் சட்டைப் பையில் மிஸ்ஸின் போன் ஒலித்தது.

"சாரி அங்கிள், தெரியாம..."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் வந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. அவ இருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தோம். மறுநாள் சர்ச்சில் பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். எதையாவது மாற்றச் சொல்ல இனி எனக்கு யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.