கய்யூம் பாயின் ஐஸ்கிரீமும் குப்பம்மாவின் உப்பும்

மயிலாப்பூரில் விருந்தென்றால் ஐஸ்கிரீம் கடைய அப்துல் கய்யூமைத்தான் கூப்பிடுவார்கள். மர வாளிக்குள் தகர டப்பா; டப்பாவில் பால், சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும். கைப்பிடியைச் சுற்றும்போது அவர் யாரோடும் பேசமாட்டார். ஐஸ்கிரீம் திரண்டபின் பேச்சை நிறுத்தவும் மாட்டார்.

1934 சித்திரையில் லஸ் பக்கம் வக்கீல் வேதாந்தம் வீட்டில் தோட்ட விருந்து. பாய் ஐஸ் உடைக்கப் போன நேரத்தில், வக்கீல் வீட்டுப் பசு உப்பு மூட்டையை நக்கி இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளிவிட்டது. வெறும் ஐஸை வைத்துச் சுற்றிப் பார்த்தார். பால் சில்லிட்டதே தவிர உறையவில்லை. சமையலறையிலிருந்து வந்த ஒரு கிண்ணம் உப்பு எந்த மூலைக்கு?

பாய் ஜட்கா பிடித்துக் கடலோரக் குப்பத்துக்கு ஓடினார். அவருக்கு வாடிக்கையாக மீன் விற்கும் குப்பம்மா, கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பை மூட்டையாகக் கட்டினாள். அவர் மூச்சிரைப்பதைப் பார்த்து, தானே மூட்டையோடு ஜட்காவில் ஏறிக்கொண்டாள்.

வாளியில் உப்பு விழுந்ததும் ஐஸ் கரைந்து ஒழுகியது. குப்பம்மா பதறிப்போனாள்.

“இன்னா பாய், எல்லாம் தண்ணியா பூடுதே?”

“கரையட்டும் குப்பம்மா. கரையறதுக்குச் சூடு வோணும் இல்ல? உள்ள கீற பால்லேர்ந்து அதைப் புடுங்கிக்கும். வெறும் ஐஸுக்கு அவ்ளோ பலம் கிடையாது. உப்பு சேர்ந்தாத்தான் பாலு கட்டியாவும்.”

தகர டப்பாவின் மூடியில் வெண்பனி பூத்தது. கைப்பிடி கனத்தது, பாயின் கை தளர்ந்தபோது குப்பம்மா வாங்கிச் சுற்றினாள். மூடியைத் திறந்தால், வெண்ணெய்போல் திரண்டிருந்தது.

வக்கீலின் மனைவி கோமளம் கிண்ணங்களோடு வந்தாள்.

“முதல்ல அவளுக்குக் கொடுங்கோ பாய். உப்பைத் தூக்கிண்டு வந்திருக்காளே.”

குப்பம்மா ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பல் கூசியது. “நாக்குல வெச்சா காணாப்பூடுது பாய்,” என்று மெல்லச் சொன்னாள். பாய் சிரித்தபடி இன்னொரு கரண்டி போட்டார்.

மறுவருடம் குப்பம்மாவின் மகள் கங்கம்மாவுக்குக் கலியாணம். யாரும் கேட்காமலே கய்யூம் வாளியோடு குப்பத்துக்கு வந்து நின்றார். துடுப்புப் போட்டுப் பழகிய ஆண்கள் முறைவைத்துச் சுற்றிய சுற்றில் ஐஸ்கிரீம் கல்லாய் இறுகிவிட்டது, கரண்டி இறங்கவில்லை. பாய் மீன் வெட்டும் கத்தியைக் கழுவி வாங்கி, முதல் துண்டை மணப்பெண்ணுக்கு அறுத்துக் கொடுத்தார்.