காதர் பாயின் முட்டிக்கு ஒரு கிளட்ச் பெடல்

ஜீப் மெக்கானிக்கிடம் வருகிற எந்த வண்டியும் தன் கோளாறை மட்டும் கொண்டுவராது. ஓட்டுகிறவரின் கோளாறையும் சேர்த்து ஏற்றிக்கொண்டுதான் வரும். நகக்கண்ணில் கருப்பு போகாமலே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த சக தொழிலாளிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பத்தில் நான் பட்டறை போட்டிருந்தபோது ஒரே ஒரு பெடல் என்னை ஒரு வாரம் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை வரை கெடு

காதர் பாய் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற டிரைவர். வண்டி செல்வராசு அண்ணனுடையது. பழைய ஜீப், ஹைட்ராலிக் கிளட்ச். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள ஆயில் குழாய் வழியாகப் போய்க் கிளட்ச்சைக் கழற்றிவிடும்; கழன்றால்தான் கியர் விழும். அந்த வண்டியில் மட்டும் மிதிப்பதற்கு யானை பலம் வேண்டும். பைக்கிலிருந்து விழுந்ததில் பாய்க்கு இடது முட்டி போயிருந்தது. மலையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்றி வீட்டுக்கு வந்தால் முட்டி வீங்கிவிடும். இரண்டு நாள் வண்டி எடுக்க முடியாமல் படுத்துவிட்டார்.

"வர்ற திங்கக்கிழமையிலிருந்து வேற டிரைவர்" என்று செல்வராசு அண்ணன் சொல்லிவிட்டார். அதற்குள் பெடலை லேசாக்கித் தருகிறேன் என்று நான் வாய் கொடுத்தேன். முட்டி ஆறும்வரை ஓய்வெடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு பாய் சொன்னார்: "எங் கால வேணா வெட்டிக்கிறச் சொல்லு தம்பி. பதினோரு வருசமா ஓட்டுற வண்டிய இன்னொருத்தன் கையில குடுக்கச் சொல்லாத."

பூப்போல ஒரு பெடல்

பெடலைத் தாங்குகிற கைக்கம்பியில், சிலிண்டரைத் தள்ளுகிற தள்ளுகம்பி மாட்டும் ஓட்டையை மேலே ஏற்றிப் போட்டால் மிதி லேசாகும். போட்டேன். கையால் அமுக்கினாலே இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து லேத்துப் பட்டறை முருகேசனைக் கூப்பிட்டுக் காட்டி, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்டார்ட் செய்து கியர் போட்டதும் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். மிதி லேசான கணக்குக்குத் தள்ளுகம்பியின் ஓட்டமும் குறைந்துவிட்டது. கிளட்ச் பாதிதான் கழன்றது. முருகேசன் வடையைக் கீழே வைக்காமலே சொன்னான்: "பெடல் லேசாயிருச்சுன்னு விருந்து வச்சியே மாப்ள, கிளட்ச்சு கழலுதான்னு பாத்தியா?"

வெண்ணெயும் எமனும்

வீம்பு என்று வந்துவிட்டால் நான் விடாக்கண்டன். ஓட்டையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அதற்குப் பதிலாகப் பெடல் கையை முருகேசனிடம் கொடுத்து மூன்று விரற்கடை நீளமாக்கினேன். தள்ளுகம்பியிலிருந்த வீண் ஆட்டத்தை எடுத்தேன். முட்டி அதிகம் மடங்காமல் இருக்க சீட்டைப் பின்னால் தள்ளி வைத்தேன். பாய் உட்கார்ந்து இருபது தடவை மிதித்துப் பார்த்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயந்திரம் நொண்டிக்கொண்டே வந்தார். முட்டி முன்னைவிட வீங்கியிருந்தது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நானே மிதித்துப் பார்த்தேன். பெடலில் ஒரு குறையும் இல்லை. பாய் சொன்னார்: "இங்கன மிதிச்சா வெண்ணெய்யா எறங்குது தம்பி, மேட்டுல மிதிச்சா எமனா நிக்கிது."

வலது ஓரத்தில் கங்காணி

சனிக்கிழமை விடிகாலை நானும் அந்த ஜீப்பில் ஏறிவிட்டேன். பின்னால் பெண்கள் சோற்றுத் தூக்கோடு அடைந்தார்கள். முன்னால் பாய்க்கு இடது பக்கம் என்னையும் சேர்த்து மூன்று பேர். எல்லாரும் ஏறியபின் ஆள் சேர்க்கிற கங்காணி வந்தார். நேராக டிரைவரின் வலது பக்கம் போய், சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து, மீதியைக் காற்றில் தொங்கவிட்டு உட்கார்ந்தார். சட்டப்படி அந்த இடத்தில் ஈ கூட உட்காரக் கூடாது. எங்கள் ஊர் டிரிப் ஜீப்பில் அது கங்காணி சீட்டு!

பாய் ஒரு சாண் இடது பக்கம் நகர்ந்துகொண்டார். அப்போதுதான் பார்த்தேன். கிளட்ச் இருந்த இடத்துக்கு நேராக இப்போது அவருடைய வலது கால் இருந்தது. இடது காலைக் கோணலாகத் திருகித்தான் பெடலைத் தேடினார். மிதிக்க மிதிக்க முட்டி பக்கவாட்டில் பிதுங்கியது. பார்க்கவே எனக்கு வலித்தது. கங்காணியை இறங்கச் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. காலி வண்டியில் அளவெடுத்த கதையை நான் வெட்கத்தோடு சொன்னதும், பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "ஏந்தம்பி, சும்மா நிக்கிற வண்டியில எவனுக்கு முட்டி வலிக்கும்?"

முதலாளி மிதித்த தரை

ஞாயிற்றுக்கிழமை கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, பெடல் கையை நாலு விரல் இடது பக்கம் வளைத்தேன். கால் பதிகிற பட்டையையும் சாய்த்து வைத்தேன். அளவெடுக்கும்போது பாயின் வலது பக்கம் முருகேசனை உட்கார வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை செல்வராசு அண்ணன் தேவாரம் ஊரிலிருந்து பிடித்த புது டிரைவரோடு வந்து நின்றார். புது டிரைவர் நேராக உட்கார்ந்து மிதித்தார். கால் தரையில் விழுந்தது. அடுத்த தடவை பட்டையின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. ஓட்டத் தெரியாத ஆள் என்று திட்டிக்கொண்டே அண்ணன் தானே ஏறினார். அதே துள்ளல், வண்டி மறுபடியும் அணைந்தது.

பிறகு பாய் ஏறினார். டிரிப்புக்கு வந்து நின்ற கங்காணியை வலது பக்கம் உட்காரச் சொல்லி ஒரு சாண் நகர்ந்தார். இடது கால் தன்னால் பெடலில் போய் அமர்ந்தது. மேட்டில் நாலு வளைவு ஏறித் திரும்பி வந்து, முட்டியைத் தடவாமல் இறங்கி நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன். செல்வராசு அண்ணன் சாவியைப் பாய் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "ஏப்பா, என் வண்டியில எனக்கே பெடல் எட்டாமப் பண்ணிட்டியேப்பா!"

அன்று முதல் யார் வந்து கிளட்ச்சை லேசாக்கித் தரச் சொன்னாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், வலது பக்கம் உட்காரப்போவது யார், அவர் எடை எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறேன்.