குழாய் நட்ட முனைவர்

சத்தத்தை மறிப்பது எப்படி என்று ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் வாங்கினேன். வாங்கிய கையோடு வேலை கிடைக்காமல் கோவில்பட்டிப் பக்கத்து ஊருக்கே திரும்பி வந்தேன். வீட்டில் சம்பாதித்தது என் மனைவிதான். ஒரு கம்பெனிக்காக லேப்டாப்பில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பக்கத்து மனையில் பெரியப்பா மகனின் மாவு மில். மாலையில் இவள் வகுப்பைத் தொடங்குவாள், அங்கே மிளகாய் வத்தல் அரைக்கத் தொடங்குவார்கள். பெற்றோர் புகார் செய்தார்கள். இன்னொரு புகார் வந்தால் வகுப்புக் கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"உங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

"நானா? அவரு மொகத்துல முழிக்கவா?"

எங்கள் கல்யாணப் பத்திரிகையை, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் வைக்காமல், அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேதை நான். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பங்காளி வீம்பு என்றால் சும்மாவா!

ஆகவே விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். ஒரே இடைவெளியில் வரிசை வரிசையாகக் குழாய்களை நட்டால், வரிசைதோறும் பட்டுத் திரும்பும் ஒலி அலைகள் ஒன்றுசேர்ந்து, அந்த இடைவெளிக்குத் தக்க சுருதியை வந்த வழியே அனுப்பிவிடும். நடுவே காற்று தாராளமாகப் போகலாம். மில்லின் கூவலைப் போனில் அளந்து, கணக்குப் போட்டு, எல்லையோரம் பிவிசி குழாய்களை நட்டேன். கூவல் நிஜமாகவே அடங்கியது. இரண்டு வாரம் மாப்பிள்ளை மிடுக்கோடு திரிந்தேன்.

ஐப்பசி மழை வந்தது. கரிசல் ஊறி உப்பியது. இங்கே வேலிக்குக் கல்லுக்கால் ஊன்றுகிறவன்கூடக் குழிக்குள் சரளைப் போட்டு இறுக்குவான். இந்த மண்ணிலேயே பிறந்த நான் வெறும் குழி தோண்டிச் செருகியிருந்தேன். குழாய்கள் கள்ளுக் குடித்தவர்களாய் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. இடைவெளி போயிற்று, கணக்கும் போயிற்று. வகுப்பு நடுவே கூவல் உள்ளே வந்தது. மனைவி மைக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வீம்பாவது ஒன்றாவது! சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினேன். மில் வாசலில் நின்று, "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, அவளுக்கு வகுப்பு நடக்கு, வேலையே போயிரும்" என்று கத்தினேன்.

அவர் மோட்டாரை அணைத்தார். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, சாய்ந்து கிடந்த குழாய்களைப் பார்த்தார்.

"சத்தத்துக்காகவாலே அத நட்ட?"

"ஆமாண்ணே."

"எம் மொகத்தப் பாக்கப் பிடிக்காம நீ அடைக்கன்னுல்லா நெனச்சேன். ஒங்க மைனி ரெண்டு நாளு சாப்பிடல, தெரியுமா?"

சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அண்ணி மில்லுக்குள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

"போ, போயி வகுப்ப நடத்தச் சொல்லு. முடிஞ்சதும் அந்தப் பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வா. ஒங்க ரெண்டு பேருக்கும் நாங்க இன்னும் விருந்து வைக்கல."