சாக்கடைக்குப் பவுடர் போட்ட கதை

போன மாதம் எங்கள் தெருச் சாக்கடையைப் பார்க்க அரசாங்கக் குழு ஒன்று வந்தது. 'மழைநீர் – கழிவுநீர் கலப்புத் தடுப்புச் சிறப்புப் பணிக்குழு.' பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சாக்கடை நிரம்பிவிடும்!

மழைத் தண்ணீருக்கும் வீட்டுக் கழிவுக்கும் எங்களுக்கு ஒரே வாய்க்கால். அருப்புக்கோட்டைப் பக்கம் மழை பெய்வது வருஷத்தில் சில நாள்தான். பெய்துவிட்டாலோ... மொத்தமும் பொங்கி நேரே பக்கத்து வீட்டு சரோஜா வீட்டுக்குள் போகும். அவர் குழித்தறியில் சேலை நெய்கிறவர். உட்கார்ந்து காலால் மிதிக்கத் தரையில் ஒரு பள்ளம் இருக்குமே, தெருவின் சகல அசிங்கமும் அதில்தான் தேங்கும். குழி காயும்வரை தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் அடுப்பு எரிவதும் சந்தேகம்தான்.

மனு எழுதிக் கொடுத்தது நான். ஒருவழியாகக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. தெரு என்ன செய்தது தெரியுமா?

வாய்க்காலைச் சுத்தம் செய்தது!

"ஆபீசருக வர்றாக... அவுகள இந்த நாத்தத்துலயா நிப்பாட்டுறது? நம்ம தெருவுக்கு ஒரு மரியாத வேணாமாண்ணே?" என்று முதலில் விளக்குமாற்றை எடுத்ததே சரோஜாதான். பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போல ஒரே பரபரப்பு. சகதியை அள்ளினோம். பிளீச்சிங் பவுடர் தூவினோம். பவுடர் வாங்கி வந்த மேதாவி யார் என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்களா? நான்தான்.

குழு வந்தது — சுள்ளென்ற வெயிலில், ஆளுக்கொரு ஃபைலோடு. சாக்கடை பளிச்சென்று கிடந்தது.

"எங்கம்மா பொங்குது?" என்றார் பெரிய அதிகாரி.

"மழ பேஞ்சாப் பொங்கும் சார். தறிக்குழி நெறஞ்சிரும். மழையன்னைக்கு ஒருக்கா வந்து பாருங்க சார்" என்றார் சரோஜா.

"மழையில எப்படிம்மா வர்றது? ரோடெல்லாம் சாக்கடைத் தண்ணியா நிக்குமே!"

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். சொன்னது என்னவென்று அவருக்கே உறைக்கவில்லை. சரோஜா வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைக் குடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், திருச்சுழி ரோட்டில் புழுதி பறக்கப் போனார்கள்.

பலன் சீக்கிரமே வந்தது. புது வாய்க்காலா? அதுதான் இல்லை. ஒரு தகரப் பலகை. 'கழிவுநீர் தேங்காத முன்மாதிரித் தெரு.' எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? பாதிக் கோபம் என்மேலேயேதான்.

நமக்கு இது தீராத வியாதி. காட்ட வேண்டிய அசிங்கத்தை விருந்தாளி வருகிறார் என்று மறைத்துவிடுவோம். அப்புறம் யாருமே பார்க்கவில்லை என்று புலம்புவோம். அவர்களும் விவரமானவர்கள் — வெயில் பார்த்துத்தான் வருவார்கள்.

முந்தாநாள் மழை கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் பொங்கியது. பதறிக்கொண்டு ஓடினேன். சரோஜா அந்தப் பலகையைப் பிடுங்கி வந்து வாசலில் குறுக்கே நிறுத்தி, ஓரமெல்லாம் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். உள்ளே தறிக்குழி காய்ந்தே கிடந்தது.

"தப்பிச்சோம்ணே. நல்ல கனமான தகரம்!"

பணிக்குழு கொடுத்ததில் சாக்கடையைத் தடுத்தது அது ஒன்றுதான்.