சவுரிமுத்து பழக்கிய பேட்டரி கார்

பீர்க்கன்கரணையில் தண்ணீர் லாரி ஓட்டுகிற சவுரிமுத்து, லாரியை விட்டு இறங்கினால் கையில் ரிமோட்டோடுதான் நிற்பார். முழங்கை நீளத்துக்கு, எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற ஒரு பொம்மை இன்ஜின் கார் வைத்திருந்தார். அது போடுகிற சத்தத்தில் பெருங்களத்தூர் ஸ்டேஷனில் நிற்கும் ரயில் பயந்து கிளம்பிவிடும். அது கக்குகிற புகை தாங்காமல் ஊர்க் கொசுவெல்லாம் பள்ளிக்கரணைக்குக் குடிபோய், அங்கே ரேஷன் கார்டும் வாங்கிவிட்டது.

புகைதான் வினையானது. மாடியில் காய்கிற துணியெல்லாம் எண்ணெய் நாற்றம். மனைவி செல்வமேரி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“யோவ், பூசைக்குக் கட்டிக்கினு போற பொடவ மெக்கானிக் ஷெட்டு மாதிரி நாறுது. வூட்ல ஒரே காருதான். பேட்டரி காரு வாங்கு, நா வாயே தொறக்கல. இல்ல, இந்த இன்ஜின்தான் வேணும்னா வூட்டுத் துணி மொத்தமும் நீதான் தொவைக்கணும். ஞாயித்துக்கிழம முடிவு சொல்லிடு.”

அவளுடைய தம்பி ஜெரோம் சும்மா இருப்பானா? சனிக்கிழமை சாயங்காலமே தன்னுடைய பேட்டரி கார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

“மாமா, ஃபுல் சார்ஜ் கீது. நாளைக்கு கிரவுண்டுல என் கூட ஓட்டிப் பாரு. புடிச்சா நீயே வெச்சுக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் ஏரி ஓரத்து மைதானத்துக்கு வந்தார்கள். செல்வமேரியும் குடையோடு வந்து நின்றாள். ஜெரோம் கையை ஆட்டினான். அவன் கார் சீறிப் பாய்ந்தது. சவுரிமுத்துவின் பேட்டரி கார் நத்தையைப் போல நாலடி நகர்ந்து, பெருமூச்சு விட்டு, படுத்துக்கொண்டது.

“இன்னா மாமா, தூங்குது?”

“நீ குடுத்த வண்டிதான? என்னைக் கேட்டா?”

ஜெரோம் குனிந்து பார்த்தான். “சார்ஜ் சுத்தமா இல்ல. காலைல ஓட்டுனியா?”

“ஓட்டல மச்சான். பழக்குனேன்.”

“பழக்குனியா?”

“கைக்குப் புதுசா வந்த வண்டின்னா எடுத்ததும் வெரட்டுவியா? மெதுவா ஓட்டி இன்ஜின பழக்க வேணாம்? கோழி கூவறதுக்கு முன்னாடியிலிருந்து பூசை மணி அடிக்கிற வரைக்கும் மாடில சுத்தினுதான் இருந்தேன்.”

மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜெரோம் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “மாமா, இதுல பழக்கறதுக்கு இன்ஜினே இல்லியே!”

சவுரிமுத்துவின் முகம் லாரி ரேடியேட்டரைப் போலக் கொதித்தது. பேட்டரி காரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகிப் பார்க்க ஒரு ஸ்க்ரூ இல்லை, இழுக்க ஒரு கயிறு இல்லை, ஊதிச் சுத்தம் செய்ய ஒரு ஓட்டை இல்லை. சார்ஜர் ஜெரோம் வீட்டில். சார்ஜ் ஏறுகிறவரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தோற்றதுகூடப் பரவாயில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

“புடி உன் பொம்மைய,” என்று ஜெரோம் கையில் திணித்துவிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த பையிலிருந்து இன்ஜின் காரை எடுத்தார். கயிற்றை இழுத்தார். இருமியது. இன்ஜினுக்குக் காற்று விடுகிற திருகைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இழுத்தார். தும்மியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மாட்டி, அதன் அப்பனையும் பாட்டனையும் திட்டி இழுத்தார். செத்ததுபோல் கிடந்தது. வேர்வை ஆறாக ஓடி ஏரிக்கே தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது.

“ரெண்டுமே ஓடல,” என்றாள் செல்வமேரி. “இப்ப சொல்லு. எது வேணும்?”

அவர் நிமிரவில்லை. மூக்கு நுனியில் கருப்பு எண்ணெய். கை மறுபடியும் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

“அது ஓடலன்னா நா சும்மா நிக்கணும், மேரி. இது ஓடலன்னா எனக்கு வேல கீது.”

“அப்போ?”

கயிற்றை ஓங்கி இழுத்தார். கார் ஒரே ஒரு தடவை வெடித்து, அவள் வெள்ளைப் புடவை மேல் பொட்டுப் பொட்டாக எண்ணெயைத் தெளித்துவிட்டு அடங்கியது.

சவுரிமுத்து புடவையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“சோப்பு எங்க கீது?” என்றார்.